கழுத்திலே கருங்காலி!



தொழிற்சங்கத் தமிழிலே 'கருங்காலி' என்றால் யார் என்று பால்மரக் காட்டிலே பிறந்து வளர்ந்த எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. வேலைநிறுத்தம் நடக்கும்போது பின்வாசல் வழியாகக் கத்தியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போகிறவன் கருங்காலி. தோழன் பட்டினி கிடக்கையில் துரையின் பக்கம் நின்று கூலி வாங்குகிறவன் கருங்காலி. 'பிளாக்லெக்' என்று ஆங்கிலேயத் தொழிலாளி வைத்த வசைப்பெயரைத்தான் நம்மவர்கள் இப்படித் தமிழாக்கினார்கள் என்பர் சிலர். இல்லை, கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்து மரங்களையே வெட்டித் தள்ளத் துணைபோகும் மரம் அது, அதனால் வந்த பெயர் என்பர் வேறு சிலர். எப்படி வந்தால் என்ன? அந்தப் பெயரைக் கேட்டாலே காறித் துப்பிய கூட்டம் நம் கூட்டம்.

அந்தக் கருங்காலியைத்தான் இன்று நம்மவர்கள் காசு கொடுத்து வாங்கிக் கழுத்திலே மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்!

ஆம், கருங்காலி மாலையைத்தான் சொல்கிறோம். கறுத்த மரமணிகள் கோத்த மாலை. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுச் சினிமாக்காரர்கள் சிலர் கழுத்திலே தோன்றியது. கடல் தாண்டி வர அதற்குக் கப்பல்கூடத் தேவைப்படவில்லை. கைப்பேசியிலே வந்து இறங்கிவிட்டது. இரவு எட்டு மணிக்கு ஒருவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கைப்பேசித் திரையில் உட்காருகிறார். செவ்வாய் தோஷம் போகும் என்கிறார். கண்ணேறு கழியும், எதிரி விலகுவான், கடன் தீரும், வேலை நிலைக்கும், சர்க்கரை இறங்கும் என்கிறார். ஒரே மாலை இத்தனையும் செய்யுமாம்! இதில் பாதியைச் செய்து தருவதாக ஒரு சங்கத் தலைவர் மேடையிலே சொல்லிவிட்டால் அடுத்த மாதமே கணக்குக் கேட்டு அவரைப் பிடித்து உலுக்கிவிடுவோம். மாலை விற்பவரிடம் மட்டும் கணக்குக் கேட்கும் நாக்கு நமக்கு எழுவதில்லை.

பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றுக்கு நாம் போயிருந்தோம். நாற்பத்தாறு வயதான பால்வெட்டுத் தோழர் ஒருவர் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவருக்கு ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்கப்போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. வீடும் போகும், வேலையும் போகும் என்ற பயத்திலே மனிதர் முந்நூற்று எண்பது வெள்ளி கொடுத்துக் கருங்காலி மாலை ஒன்று வாங்கினார். மாலை போட்டால் மாத்திரை வேண்டியதில்லை என்று விற்றவர் சொன்னாராம். இரண்டு மாதத்துக்கு மேல் மாத்திரை இல்லை. ஒருநாள் விடியற்காலை இருட்டிலே, பிய்ந்த சப்பாத்தோடு மரத்துக்கு மரம் போனபோது கட்டை ஒன்று குத்திவிட்டது. சர்க்கரை முற்றிய காலிலே உணர்ச்சி ஏது? குத்தியதே தெரியவில்லை. சப்பாத்திலிருந்து வாடை வந்த பிறகுதான் தெரிந்தது.

அவர் ஒன்றும் பேசவில்லை. அவருடைய மனைவிதான் பேசினார். "அவரை ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. தோட்டத்தை விக்கப்போறாங்கன்னு பேச்சு வந்ததிலேருந்து ராத்திரி தூக்கமே இல்லே அவருக்கு. எதையாவது பிடிச்சுக்கணும்னு இருந்துச்சு. பிடிச்சுக்கிட்டாரு."

அந்த அம்மாளின் பேச்சை நாம் மதிக்கிறோம். அவருடைய கணவரை நாம் குறை சொல்லவில்லை. பயந்தவன் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்வான். நம்முடைய கோபமெல்லாம், வெள்ளத்திலே போகிறவன் கைக்கு மண்குதிரையை நீட்டி அதற்கு முந்நூற்று எண்பது வெள்ளியும் வாங்கிக்கொண்டவர் மேலேதான்.

இந்த முந்நூற்று எண்பதை நம்முடைய கணக்கிலே பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. வாரம் ஆறு நாள் வேலை என்றால் நாள் ஒன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. ஆக, மாலையின் விலை ஏறக்குறைய ஆறு நாள் கூலி. ஆறு நாள் விடியுமுன் எழுந்து, கொசுக்கடி பட்டு, நிரை நிரையாக நடந்து, வாளி சுமந்து சேர்த்த காசு. அதே சம்பளத்துக்குத் தொழிலாளி சொக்சோவுக்குக் கட்டுவது அரை விழுக்காடு அளவு, அதாவது மாதம் எட்டு ஒன்பது வெள்ளி. ஒரு மாலை விலையிலே மூன்றரை வருடத்துக்கு மேலான சந்தா அடங்கிவிடும்! அரசாங்கக் கிளினிக்கிலே குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி. அந்த ஒரு வெள்ளிக்குள் டாக்டரும் உண்டு, மாத்திரையும் உண்டு. முந்நூற்று எண்பது தடவை போயிருக்கலாம் நம் தோழர்.

சரி, அந்த மரமாவது உண்மையான மரமா என்று பார்ப்போம். கருங்காலி என்ற பெயரிலே தமிழில் இரண்டு மரங்கள் உண்டு. ஒன்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் எபனி மரம். அதன் வைரம்தான் கறுப்பு, வெளிக்கட்டை வெளுப்பு. மிக மெதுவாக வளரும், இலங்கையிலே சட்டப் பாதுகாப்பிலே இருக்கும் மரம். இன்னொன்று, வெற்றிலையோடு போடுகிறோமே காசுக்கட்டி, அதைக் காய்ச்சி எடுக்கும் மரம். சித்த வைத்தியர்கள் கருங்காலி என்று பட்டையும் கட்டையும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்; இதன் வைரம் சிவப்பேறிய நிறம். விற்பவரோ முதல் மரத்தின் கறுப்பைக் காட்டி, இரண்டாம் மரத்தின் வைத்தியத்தைச் சொல்லி, மூன்றாவதாக ஏதோ ஒன்றைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறார். மெதுவாக வளரும் மரம், வெட்டத் தடையுள்ள மரம், தெருத் தெருவாகக் கூடை கூடையாக விற்பதற்கு எங்கிருந்து ஐயா வருகிறது?

தண்ணீரிலே போட்டால் மூழ்கும், அதுதான் அசல் என்று கண்ணாடிக் குவளையிலே போட்டுக் காட்டுவார்கள். எபனி மூழ்கும், உண்மைதான். ஆனால் நம் நாட்டுக் காட்டிலேயே மூழ்கும் கனத்த மரங்கள் வேறு உண்டு. கல்லும் மூழ்கும். மூழ்கியது கனம் என்பதற்குச் சாட்சி. கருங்காலி என்பதற்குச் சாட்சி அல்ல. கித்தா மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிறிய கட்டை, சாயத்தை நன்றாக ஏற்கும்; மேசை நாற்காலி செய்கிறவர்களுக்கு அதனால்தான் அதன்மேல் ஆசை. அதைக் கடைந்து, கறுப்புச் சாயத்தில் முக்கி மணியாக்கினால் என்ன ஆகும்? இருபத்தைந்து வருடம் நாம் பால் வெட்டி ஓய்ந்த மரமே, நம் கழுத்திலே அதிர்ஷ்ட மரமாக வந்து தொங்கும்!

அசலாகவே இருக்கட்டும். ஊரிலே நம் பாட்டிமார் நெல் குத்திய உலக்கை கருங்காலி உலக்கைதான். பூண் கட்டிய நல்ல உலக்கை. ஏழு வயதுப் பெண்ணாகப் பிடித்த உலக்கையைக் கூன் விழும்வரை அவர்கள் கீழே வைக்கவில்லை. உள்ளங்கையிலே காய்ப்பு ஏறும் அளவுக்கு அந்த மரத்தைப் பிடித்திருந்தார்களே, அவர்கள் செவ்வாய் விலகியதா? கடன் தீர்ந்ததா? தீர்ந்திருந்தால் அவர்களுடைய பிள்ளைகள் ஏன் நாகப்பட்டினத்திலே கப்பல் ஏறினார்கள்? நாம் ஏன் இங்கே பிறந்தோம்?

இங்கே வந்தபின் நடந்ததையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். காட்டை அழித்துக் கித்தா நட்ட அந்த நாளிலே மலேரியாக் காய்ச்சலால் கூலிகள் கும்பல் கும்பலாக மடிந்தார்கள். பேய் அடித்தது என்றார்கள். முனி பிடித்தது என்றார்கள். தாயத்துக் கட்டாத கை கிடையாது. அந்தப் பேய் எது என்று 1897-ல் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றைக் கீறிக் கண்டுபிடித்தார். 1901-ல் கிள்ளானிலே மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலத்தை வடித்துக் கால்வாய் வெட்டினார். காய்ச்சல் சடசடவென்று இறங்கிற்று. பிறகு தோட்டங்களிலும் கால்வாய், தேங்கிய நீருக்கு எண்ணெய் என்று வேலை பரவியது. துரைமார் இதைத் தருமத்துக்குச் செய்தார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். செத்த கூலி பால் வெட்டமாட்டான் என்ற கணக்கும் அதிலே இருந்தது. நமக்கு வேண்டிய சேதி, நம் பாட்டன்மாரின் உயிரைக் காத்தது மண்வெட்டியும் கொயினாவும் என்பதுதான். 1942-43-ல் சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் கொண்டுபோன நம்மவர்களின் கதையோ இன்னும் கொடுமை. தாயத்தோடு போனவர்கள்தாமே அவர்களும்? காலரா எந்தக் கையையாவது பார்த்து ஒதுங்கிப் போயிற்றா?

வெள்ளைக்காரன் அறிவாளி, நமக்குத்தான் இந்தப் பைத்தியம் என்று சில படித்த இளைஞர்கள் பேசுகிறார்கள். அதுவும் பொய். வட ஐரோப்பாவிலே ரூன் என்று ஒரு பழைய எழுத்து இருந்தது. மரத்திலே கத்தியால் வெட்டுவதற்கு வாகாக நேர்கோடும் சாய்கோடுமாக அமைந்த எழுத்து. பட்டையிலே சாய்வாகக் கோடு இழுக்கும் நமக்கு அதன் வசதி சொல்லாமலே புரியும். இன்று அந்த எழுத்து இருபத்துநான்கையும் கட்டைத் துண்டுகளிலே செதுக்கி, கையால் செய்தது என்று கூட விலை வைத்து, பையிலே போட்டு விற்கிறார்கள். குலுக்கி எடுத்தால் எதிர்காலம் தெரியுமாம். அமெரிக்கர் ஒருவர் 1982-ல் எழுதிய புத்தகத்தோடு, எழுத்தே இல்லாத வெறுங்கட்டை ஒன்றும் சேர்ந்து இருபத்தைந்து ஆகிவிட்டது. வெறுங்கட்டைக்கும் விலை!

ஆனால் அந்த எழுத்தை வெட்டிய பழைய மக்கள் அதை எதற்கு வைத்திருந்தார்கள் தெரியுமா? நார்வேயின் பெர்கன் துறைமுகத்திலே 1955-ல் பெருந்தீ பிடித்தது. எரிந்த இடத்தைத் தோண்டியபோது ரூன் எழுத்துள்ள பொருள்கள் அறுநூற்றுக்கு மேல் கிடைத்தன. அவற்றிலே மந்திரக் கட்டைகள் இல்லாமலில்லை. ஆனால் இந்தச் சரக்கு இன்னாருடையது என்று மூட்டையிலே கட்டிய பெயர்ச்சீட்டுகள் எத்தனையோ. வியாபாரக் கடிதங்கள் உண்டு. வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு பெண் சொல்லியனுப்பிய குச்சிகூட ஒன்று. மூட்டை தூக்கியவனும் சரக்கு விற்றவனும் கணக்குக்கு வைத்திருந்த எழுத்து அது. வாசிக்கத் தெரிந்தவரை அது எழுத்து. வாசிக்கத் தெரியாமல் போனபின் மந்திரம். சம்பளச் சீட்டை வாசிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் தோழர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறோம்.

நாம் சாமிக்கு விரோதி என்று நாளைக்கே சிலர் கிளம்பக்கூடும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் மாரியம்மன் கோயிலிலே கறுப்புக் கயிறு வாங்கிக் கட்டும் தாயை நாம் ஒரு சொல் சொல்லமாட்டோம். அந்தக் கயிற்றுக்கு விலை பத்துக் காசு. அதைக் கட்டியபின் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுகிறாள். அந்தக் கயிறு யாரையும் மருந்தை நிறுத்தச் சொன்னதில்லை. மாத்திரையை நிறுத்து என்று சொல்லும் மாலையும் அந்தக் கயிறும் ஒன்றாகுமா?

சட்டமும் சும்மா இல்லை. இந்தியாவிலே 1954-லேயே, நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டத்தில் தாயத்து, மந்திரம், கவசம் என்று பெயர் சொல்லியே சேர்த்துவிட்டார்கள். இந்த நாட்டிலும் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருக்கிறது. எந்தப் பொருளானாலும் நீரிழிவைத் தீர்க்கும், தடுக்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது. ஆகவே அந்தத் திருநீற்று மனிதர் 'சர்க்கரை இறங்கும்' என்று வாய் திறந்த நிமிடமே சட்டத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறார். ஏமாந்து வாங்கியவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி. ஐம்பதாயிரம் வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போகவேண்டும். வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் முடியாது. வாங்கிய ரசீது, பணம் போட்ட சீட்டு, விற்றவர் கைப்பேசியிலே பேசியதன் பதிவு, எது இருந்தாலும் அழித்துவிடாமல் கிளைச் செயலாளரிடம் கொண்டுவாருங்கள். மனுவை மலாயிலே எழுதித் தர ஆள் இருக்கிறது. வெட்கப்பட வேண்டாம். ஏமாற்றியவரே வெட்கப்படாதபோது ஏமாந்தவர் ஏன் வெட்கப்படவேண்டும்?

பேராக் தோழருக்கு சொக்சோ இயலாமை உதவிக்கான பாரங்களை நிரப்பி அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. மாலையை அவர் நம்மிடமே கழற்றிக் கொடுத்துவிட்டார். நூற்றெட்டு மணி என்று சொல்லி விற்றது; எண்ணிப் பார்த்தோம், நூற்றைந்துதான் இருக்கிறது. மணியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினால் உள்ளே வெளிறிய கட்டை. அது காரியாலயத்து மேசை இழுப்பறையிலே இருக்கிறது. விற்றவர் ரசீதோடு வந்து, முந்நூற்று எண்பது வெள்ளியை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.