உணர்வுக்கு இடமுண்டு, உறவுக்கு?

மார்மன் சபையில் வளரும் பிள்ளையைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். குடியிருக்கும் பகுதியை வைத்தே எந்த ‘வார்டு’ (உள்ளூர்ச் சபைக் குழு) என்பது முடிவாகிவிடும். ஒரு வீட்டில் பிரசவம் என்றால் சாப்பாடு வந்து சேரும். வீடு மாறினால் சாமான் தூக்க ஆள் வரும். ஊழியத்துக்குப் போகும் இளைஞனுக்கு 2 ஆண்டுகளும் கூடவே ஒரு துணை இருப்பான். மறுமையும் உறவால் ஆனதுதான். கோயிலில் முத்திரையிடப்பட்ட திருமணம் சாவைத் தாண்டியும் நீடிக்கும். விண்ணுலகின் மிக உயர்ந்த நிலை அப்படி இணைந்த ஆணுக்கும் பெண்ணுக்குமே உரியது.

இதற்குள் பிறந்த தன்பாலீர்ப்பாளர் எங்கே போவார்? ஈர்ப்பு பாவமல்ல, நடத்தைதான் பாவம் என்கிறது சபை. கேட்பதற்குக் கருணையாக இருக்கிறது. ஆனால், நெருக்கம் என்பதே நடத்தைதானே! கையைப் பிடித்துக்கொள்வது, காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது, ‘இவர் என் துணை’ என்று நாலு பேர் முன்னால் சொல்வது. இவற்றையெல்லாம் விலக்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் ஏக்கம். குடும்பமாகத்தான் கரையேற முடியும் என்று போதிக்கும் சபை, இவர்களை மட்டும் ஆயுள் முழுக்கத் தனியே இருக்கச் சொல்வது அநீதி.

தன்பாலினத் தம்பதியோடு வாழும் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை ஞானஸ்நானம் இல்லை என்று 2015இல் விதி வந்தது, 2019இல் விலக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் சபையின் பிரிகம் யங் பல்கலைக்கழகம் நடத்தை விதிகளிலிருந்து தன்பாலுறவு குறித்த பகுதியை நீக்கியபோது மாணவர்கள் கட்டியணைத்துக் கொண்டாடினார்கள். சில வாரங்களில், தன்பாலினக் காதல் நடத்தைக்கு இடமில்லை என்று அறிவிப்பு வந்தது. இப்படித் திறந்து மூடும் கதவை நம்பி ஓர் இளைஞர் எப்படி யாரையாவது நேசிக்கத் துணிவார்?

உறவு வேறிடத்தில் துளிர்த்தது. 1977இல் தன்பாலீர்ப்புள்ள மார்மன்களுக்காக ‘அஃபர்மேஷன்’ அமைப்பு உருவானது. பின்னாளில் மார்மன் தாய்மார்கள் சிலர் ‘மாமா டிராகன்ஸ்’ என்று திரண்டு, தன்பாலீர்ப்புள்ள தங்கள் பிள்ளைகளின் பக்கம் நின்றார்கள். எழுத்தாளர் கேரல் லின் பியர்சன், விவாகரத்தான தன்பாலீர்ப்புள்ள கணவர் எய்ட்ஸால் நலிந்தபோது வீட்டுக்கு அழைத்துவந்து, 1984இல் அவர் இறக்கும்வரை பராமரித்தார். சபை கற்றுக்கொடுத்த அக்கறையைத்தான் இவர்கள் நிபந்தனையில்லாமல் செய்தார்கள்.

கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் மறுத்த விதியை, இறைவெளிப்பாடு வந்ததாகச் சொல்லி 1978இல் நீக்கிய சபை இது. தன்பாலுறவு மீதான தடையையும் அதன் தலைமையால் நீக்க முடியும், நீக்க வேண்டும்.