செஞ்சிக் கடைப் பையும் வங்கக் கடல் மீனும்

செஞ்சிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நமது மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணி, வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரிக்குத் தெற்கே வங்கக் கடலில் கலக்கிறது. கடைவீதியில் வீசப்படும் கேரி பேக், மழை வந்தால் ஓடை வழியாக அந்த ஆற்றுக்குத்தான் போகிறது.

கடலிலே அது மக்குவதில்லை. வெயிலிலும் அலையிலும் நொறுங்கி, 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களாக நீரின் மேல்மட்டத்தில் மிதக்கிறது. இரையென்று நினைத்து மீன் விழுங்குகிறது. கடல் மீன் நம் சந்தைக்கும்தானே வருகிறது!

2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கின. எல்லோரும் பதறினார்கள். அந்தக் கப்பலுக்காவது நஷ்டஈடு கேட்க ஒரு முதலாளி உண்டு. நாம் தினமும் அனுப்பும் குப்பைக்கு யாரிடம் கேட்பது?

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. "பை இல்லையென்றால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே" என்கிறார் வியாபாரி. நியாயமான கவலைதான்! அதனால்தான் சொல்கிறோம்: ஒரு கடை மட்டும் நிறுத்தினால் போதாது; கடைவீதி முழுவதும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும்.

வியாபாரிகளே, கூடி முடிவெடுங்கள்! இளைஞர்களே, கடை கடையாக ஏறிப் பேசுங்கள்! பையாக இருக்கும்போதே தடுத்துவிடலாம். துகளாகிவிட்டால் எந்த வலையிலும் அகப்படாது.