தொப்பி இல்லாத மிருதங்கம்

பாடபேதத்துக்காக மாதக்கணக்கில் சண்டையிடுகிறோம். பதிப்பில் ஓர் ஒற்று விடுபட்டால் பதிப்பாளரை உறக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்கிறோம். பாட்டை மட்டும் கைபேசியின் அடியிலுள்ள ஓட்டை வழியாகக் கேட்டுத் திருப்தியடைந்துவிடுகிறோம். பிறகு இளையராஜாவின் பேஸ் கித்தாரைப் பற்றிப் பத்திபத்தியாக எழுதவும் செய்கிறோம். அந்தக் கித்தாரின் மிகத் தடித்த தந்தி எழுப்பும் அடிப்படை ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள். கைபேசி அதன் பக்கத்தில்கூடப் போகமுடியாது. மிருதங்கத்தில் வலந்தலை காதில் விழுகிறது. தொப்பி போன இடம் தெரியவில்லை. பாதிப் பக்கம் கிழிந்த நாவலுக்கு விமர்சனம் எழுதுபவரை நாம் விமர்சகர் என்று ஒப்புக்கொள்வோமா?

"நல்ல ஒலிக்கு லட்சங்கள் வேண்டுமே" என்பது ஆயத்தமாயிருக்கும் பதில். கம்பிக்கே பல்லாயிரம் செலவழித்துவிட்டு அதன் 'இனிமை'யைச் சிலாகிக்கும் கனவான்கள் பரப்பிய மூடநம்பிக்கை இது. 1978இல் வந்த என்ஏடி 3020 என்ற ஆம்ப்ளிபயர், சேனலுக்கு வெறும் 20 வாட் கொண்டது, மலிவானது. உலகெங்கும் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். கணக்கு எளிது. 87 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபல் கேட்கும். இயல்பான பேச்சே 60 டெசிபல்தான். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். ஆனால் பெட்டியின் மேல் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்திருப்பார்கள். எந்தப் பொது அளவுமுறைக்கும் கட்டுப்படாத எண் அது. ஆர்எம்எஸ் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

முகையூர் போன்ற ஊர்களில் சிக்கல் வேறு. இங்கே ஆம்ப்ளிபயர் என்றால் ரேடியோ செட்காரரின் அகுஜா பெட்டிதான் நினைவுக்கு வரும். அதைக் குறை சொல்வதற்கில்லை. திருவிழாவிலும் கல்யாணத்திலும் அது செய்யும் வேலையை வேறெதுவும் செய்யாது. ஆனால் 100 வோல்ட் லைனில் புனல்களுக்கு ஒற்றை ஒலியை அனுப்பி, வயல் தாண்டிக் குரலை எறியப் பிறந்தது அது. வீட்டுக் கூடத்தில் இடமும் வலமும் பிரிந்து ஒலிக்க வேண்டிய 'ஹவ் டு நேம் இட்'டுக்கு (1986) அது உதவாது. நல்லிசை வீட்டுக்குள் கேட்பது பட்டணத்தாரின் பவிசு என்று கிராமத்து ரசிகர் ஒதுங்கிவிடுவது இந்தக் குழப்பத்தால்தான்.

பழையதை வாங்குங்கள் என்கிறோம். சென்னை ரிச்சி தெரு வரை போகமுடிந்தால் நல்லது. இல்லையேல் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து பரணில் கிடக்கும் யமஹாவோ மராண்ட்ஸோ, கொல்கத்தாவின் சோனோடைனோ அக்கம்பக்கத்தில் கிடைக்கலாம். சேனலுக்கு 20 முதல் 40 வாட் போதும். குமிழைத் திருகும்போது கரகரவென்றால் பயப்படவேண்டாம், தூசிதான். அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். பாட்டில்லாதபோதும் 'ம்ம்ம்' என்று முனகினால் கெப்பாசிட்டர் வற்றியிருக்கக்கூடும். மெக்கானிக் மாற்றித் தருவார். ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து டிசி பாருங்கள்: சில பத்து மில்லிவோல்ட் என்றால் சரி, வோல்ட் கணக்கில் காட்டினால் உங்கள் ஸ்பீக்கரை எரித்துவிடும், வேண்டாம். பின்புறம் அச்சிட்டிருக்கும் வோல்டேஜையும் படியுங்கள். ஜப்பானுக்குள் விற்ற பெட்டிகள் 100 வோல்ட்டுக்கானவை. நம் 230இல் நேரே செருகினால் கருகிப்போகும்.

கடைசியாக, பேலன்ஸ் குமிழை முழுக்க இடப்பக்கம் திருப்பி ஒரு பாட்டு, வலப்பக்கம் திருப்பி அதே பாட்டு. இரண்டும் ஒரே அளவில் ஒலிக்கும்வரை பணத்தை எடுக்காதீர்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.