சுந்தராம்பாளை மேடையோடு சேர்த்து நினைப்போம்

கே.பி. சுந்தராம்பாள் என்றதும் வில்லியனூரிலும் பாகூரிலும் பெரியவர்களின் கண்முன் வந்து நிற்பது நெற்றி நிறைய நீறு பூசிய ஔவையார்தான். அந்தப் பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவரைத் துறவியாகவே வைத்துக் கும்பிட்டதில், அவரை உருவாக்கிய நாடக மேடையை நாம் கண்ணிலிருந்து அகற்றிவிட்டோம். அதே மேடையில் இன்றும் விடிய விடியப் பாடும் பெண்களுக்குச் சேர வேண்டிய மரியாதையும் அதோடு போயிற்று.

1908இல் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். ரயிலில் பாடிக் காசு பெற்ற சிறுமியை நாடகக்காரர்கள் கண்டெடுத்தார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஒலிபெருக்கி ஊருக்குள் வராத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அந்த இடத்திலேயே கூச்சல் எழும். 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களில் எதிரே நிற்பவர் தர்க்கத்தில் எந்தப் பக்கம் திரும்புவார் என்று முன்கூட்டித் தெரியாது. உச்ச சுருதியில் பாடிக்கொண்டே அதற்கு அந்த நொடியில் பதில் கட்ட வேண்டும். இது கடும் பயிற்சியால் மட்டுமே வருகிற வித்தை. இலங்கையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. தமிழ் நாடகம் கண்ட மிகப் பெரிய பாடகரின் எதிரே நின்று ஈடுகொடுத்தாரே, அதை அல்லவா நாம் முதலில் பேசியிருக்க வேண்டும்?

நாம் பேசியதோ அவருடைய கைம்மையைத்தான். கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தார். இருபத்தைந்து வயதில் வெள்ளை உடுத்திய சுந்தராம்பாள், இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதன்பின் திரையில் அவருக்கு வாய்த்த பெரிய வேடங்களைப் பாருங்கள்: 1935இல் ஆண் வேடத்தில் நந்தனார், 1953இல் ஔவையார், 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள், 1973இல் நம் காரைக்காலின் அம்மையார். இல்லறத்துக்கு வெளியே நிற்பவர்கள், அல்லது இளமையைத் துறந்தவர்கள்தான் ஏறக்குறைய எல்லோரும். வள்ளியாக நின்று வாதாடிய பெண்ணைத் தமிழ்ச் சமூகம் முழு மனதோடு ஏற்றுக்கொண்டது, அவர் இந்த உருவத்துக்குள் வந்த பிறகுதான்.

அது அவரே விரும்பி ஏற்ற விரதம், அதில் சமூகத்தைக் குறை சொல்வானேன் என்று கேட்கலாம். விரதம் அவருடையது, அதைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. நான் கேட்பது, அந்த விரதத்தை மற்ற நடிகைகளை அளக்கும் கோலாக நாம் ஏன் ஆக்கினோம் என்பதைத்தான். கௌரவத்துக்கு அவருக்கு என்ன குறை, சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார், 1970இல் பத்மஸ்ரீ பெற்றார் என்றும் சொல்வார்கள். உண்மைதான். 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றவர் அவர். அந்நாளில் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. அந்த லட்சம் எதற்காகக் கொடுக்கப்பட்டது? நாடகக் கொட்டகைகளில் சம்பாதித்த பெயருக்காகத்தானே? மேடை தந்த குரலுக்குச் சினிமா விலை கொடுத்தது. மேடையில் தங்கிவிட்ட மற்ற ஸ்திரீபார்ட் பெண்களுக்கு, அதாவது நாயகி வேடம் கட்டியவர்களுக்கு, ஊர்ப் பேச்சில் கிடைத்தது ஏளனம்தான்.

ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இந்த மேடைக் கலை மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துச் சங்கதி, நம் பக்கத்துத் தெருக்கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்தார்கள், புதுச்சேரிக் கிராமங்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். நமக்குத்தான் கடமை அதிகம் என்பேன். அந்த மேடைக்கு 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' எல்லாம் எழுதித் தந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில்தான் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது; நாடகக் கலைஞர்கள் தேடி வந்து மாலை போடுகிறார்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆசிரியருக்கு இத்தனை செய்த மண், அவருடைய பாட்டுகளை வாயில் வைத்துக் காப்பாற்றிய பெண்களையும் தேடிப் போகத்தானே வேண்டும்? வயதான ஸ்திரீபார்ட் கலைஞர்களின் பாட்டையும் தர்க்கத்தையும் முழு இரவுக்கும் பதிவு செய்யும் வேலையை அந்தத் துறை கையில் எடுக்கலாம். திருவிழாவுக்கு நாடகம் வைக்கும் ஊர்களில், உடை மாற்ற மறைவான ஓர் அறையும் கழிப்பறையும் ஏற்பாடு செய்ய வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளால் முடியும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. கலைமாமணி விருதுக்குப் பெயர்களைப் பரிசீலிப்பவர்கள் நாடகப் பாடகிகளையும் இசைக் கலைஞர்களாகவே கணக்கில் கொள்ள வேண்டும். சுவாமிகளின் நினைவு நாளில் கருவடிக்குப்பத்தில் மாலை போட்டு முடித்ததும், முதல் பாட்டைப் பாட ஒரு ஸ்திரீபார்ட் பெண்ணை அழைக்கட்டும்.