எந்தப் படம் ஓடும்?

சித்திரைப் புத்தாண்டு வந்துவிட்டால் நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் படச் சோதிடம் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் ஏப்ரல், மே மாதங்கள் பள்ளி விடுமுறைக் காலம். அதனால் பெரிய படங்கள் அப்போதுதான் வரிசையாக வெளிவரும். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளும் அந்த நேரத்தில்தான் லயத்துக்கு வந்து சேருவார்கள். பிறகென்ன? எந்தப் படம் ஓடும், எது விழும் என்று ஒரே வாதம்தான்!

எங்கள் மாதர் குழுத் தோழியரும் இதில் சளைத்தவர்கள் அல்லர். 2025 மே முதலாம் திகதி, தொழிலாளர் தினத்தன்று, ஒரே நாளில் இரண்டு தமிழ்ப் படங்கள் வந்தன. ஒன்று சூர்யா நடித்த ‘ரெட்ரோ’. மற்றது சசிகுமாரும் சிம்ரனும் நடித்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞர் இயக்கிய முதல் படம் அது. பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போய்ச் சேரும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. இளம் பெண்கள் எல்லோரும் சூர்யா பக்கம். கொழுந்து பறிக்கும் மூத்த தோழி ஒருவர் மட்டும், “பேரு பெருசா இருந்தா போதுமா மிஸ்? கூடை நெறஞ்சாப்போலத்தான் தெரியும். தராசுல வச்சாத்தானே எடை தெரியும்?” என்றார்.

தராசு அவர் பக்கமே சாய்ந்தது. சிறிய முதலீட்டில் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ அந்த ஆண்டின் பெரிய வெற்றிப் படங்களில் ஒன்றாயிற்று. அடுத்த மாதம் 5ஆம் திகதி ‘தக் லைஃப்’ வந்தது. 1987இல் வந்த ‘நாயகன்’ படத்துக்குப் பிறகு கமல்ஹாசனும் மணிரத்னமும் சேர்ந்த படம், இசை ஏ. ஆர். ரஹ்மான். இது ஓடாமல் எது ஓடும் என்றார்கள். படமோ தோல்வியடைந்தது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு நடிகரின் பெயர் கூட்டத்தைக் கொண்டு வரும். அதற்குப் பிறகு, பார்த்தவர்கள் அடுத்த வீட்டாரிடம் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் படத்தை ஓட்டும். குடும்பத்தோடு வருகிறவர்கள் நான்கைந்து பேராக வருவார்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிடித்த படம் நின்று ஓடுவது இதனால்தான்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னும் இதையே கண்டோம். 2005 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டன்று, ரஜினியின் ‘சந்திரமுகி’, கமலின் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’, விஜயின் ‘சச்சின்’ மூன்றும் ஒன்றாக வந்தன. ரஜினிக்கு அதற்கு முந்திய ‘பாபா’ (2002) சரிவரவில்லை. ஆகவே பலர் சந்தேகப்பட்டார்கள். ஆனால் ‘சந்திரமுகி’ சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. ரஜினிக்காகப் போனவர்கள், வெளியே வந்து ஜோதிகாவின் நடிப்பைப் பற்றியே பேசினார்கள்.

தோழியரே, இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். படத்தின் வெற்றியை டிக்கட்டை எண்ணித்தான் சொல்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் நம் மலைப் பெண்கள் எத்தனை பேர்? இவ்வளவு சரியாகக் கணித்த அந்த மூத்த தோழியே படத்தைத் தியேட்டரில் பார்க்கவில்லை. மகனின் கைத்தொலைபேசியில், இரவுச் சமையலுக்கு நடுவே, மூன்று நாட்களாகத் துண்டு துண்டாகப் பார்த்து முடித்தார்.

காரணம் பணம் மட்டுமா? 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் அன்று நான்கு பேர் டவுனுக்குப் போய்ப் படம் பார்த்து வர முடியவில்லைதான். ஆனால் அதே வீட்டிலிருந்து மகன் போகிறான், கணவர் போகிறார். அவர்கள் போனால் பொழுதுபோக்கு. பெண் போனால் ஊர் சுற்றல்! ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விறகும் துணி துவைப்பும் காத்திருக்கின்றன. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன பேச்சு வருமோ என்ற பயம் வேறு.

ஓய்வும் பொழுதுபோக்கும் எல்லோருக்கும் உரியவை என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் பிரகடனம் 24ஆம் உறுப்புரையில் சொல்கிறது. அதில் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. சமையலறைக்கு விதிவிலக்கும் இல்லை.

எங்கள் குழுவில் இப்போது ஒரு யோசனை பேசப்படுகிறது. மாதச் சீட்டுக் காசோடு ஆளுக்குச் சிறு தொகையைத் தனியே சேர்ப்பது. ஒரு விடுமுறை நாளில், பகல் காட்சிக்குப் பத்துப் பன்னிரண்டு பேராகப் போய், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி விடுவது. அன்று ஒரு வேளைச் சமையலை வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். “அவரு சோறாக்கினா அதுதான் மிஸ் பெரிய படம்!” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்தாலும் பெயர் கொடுத்துவிட்டார்கள். உங்கள் தோட்டத்தில் எப்படி? அடுத்த கோடையில் எந்தப் படம் ஓடும் என்று பேசும்போது, அதைப் பார்க்க நீங்களும் போவீர்களா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.