மைதானம் பெண் பிள்ளைகளுக்கும்தான்

றக்பியை 'துரைமார் விளையாட்டு' என்பார்கள் நம் பெரியவர்கள். பொய்யில்லை. டிம்புள்ள, டிக்கோயா, ஊவா என்று நம் மலைகளின் பெயரிலேயே வெள்ளைக்காரத் துரைமாருக்கு அணிகள் இருந்தன. கிளப் அவர்களுக்கு, புல் மைதானம் அவர்களுக்கு. மலையை வெட்டிச் சமப்படுத்தியவர்கள் யார் என்று எந்தக் கிளப் சுவரிலும் எழுதியிருக்காது. அந்த விளையாட்டில் இப்போது நாம் பங்கு கேட்கிறோம். பெண் பிள்ளைகளுக்காகவே கேட்கிறோம்.

"பொம்பளைப் பிள்ளைக்கு றக்பியா? கையைக் காலை முறித்துக்கொண்டால் யார் கட்டிக்கொள்வான்?" பசறையிலும் கேட்கிறார்கள், மொனராகலை றப்பர் தோட்டங்களிலும் கேட்கிறார்கள். அதே பிள்ளை நாளைக்கு மழையில் வழுக்கும் மலையில் கொழுந்துக் கூடையோடு இறங்கும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கூலிக்கு விழுந்தால் விதி, விளையாடி விழுந்தால் மட்டும் மானம் போகிறதா?

இந்தியாவில் மேற்கு வங்காளத்தில், சிலிகுரிக்குப் பக்கத்தில் சரஸ்வதிபூர் என்றொரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் பலர் சோட்டா நாக்பூர்ப் பக்கத்திலிருந்து தோட்டங்களுக்குக் கூட்டிவரப்பட்ட ஆதிவாசிகளின் சந்ததி. நம் கதைதான், மொழி மட்டும் வேறு. கொல்கத்தாவின் ஜங்கிள் குரோஸ் என்ற கழகம் 2013-இல் அங்கே றக்பி சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. பெரிய அரங்கம் எதுவும் கட்டவில்லை. ஒரு வெளியும் சில பந்துகளும் தவறாமல் வரும் பயிற்சியாளர்களும் இருந்தார்கள், அவ்வளவுதான். அந்த லயன்களிலிருந்து சந்தியா ராய் போன்ற பெண்கள் இந்திய அணிக்கே போனார்கள். 2019-இல் மணிலாவில் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21–19 என்று வென்றது. 15 பேர் ஆட்டத்தில் அவர்களுக்கு அதுதான் முதல் சர்வதேச வெற்றி. கொழுந்து பறிப்பவளின் மகளுக்கு இதெல்லாம் முடியாது என்று இனி யாரும் நம்மிடம் சொல்லவேண்டாம்.

துரைமாரின் சொந்த நாட்டில் என்ன நடக்கிறது? 2025 செப்டெம்பர் 27 அன்று லண்டன் டுவிக்கன்ஹாமில் நடந்த பெண்கள் உலகக் கிண்ண இறுதிப் போட்டியைப் பார்க்க 81,885 பேர் போனார்கள். இலங்கைக்கும் ஒரு பெண்கள் அணி இருக்கிறது, ஆசியப் போட்டிகளில் ஆடுகிறது. அந்த அணியில் லயத்துப் பிள்ளை ஒருத்தி நிற்கும் நாளை நாம் பார்க்க வேண்டாமா?

செலவைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். தொடக்கத்தில் யாரும் யாரையும் மோதி விழுத்தத் தேவையில்லை. இடுப்பில் இரண்டு துணிப் பட்டிகளைச் செருகிக்கொண்டு ஆடுவது ஒரு வகை. பந்தோடு ஓடுபவளின் பட்டியைப் பிடுங்கிவிட்டால் அவள் பிடிபட்டாள். பழைய சேலைக் கரையைக் கிழித்தால் பட்டி கிடைத்துவிடும். பிள்ளைகள் பழகிய பிறகு, பயிற்சி பெற்றவரின் கண்முன்னால், மோதிப் பிடிக்கப் படிக்கலாம். ஏழு பேர் ஆட்டத்தில் ஒரு பாதி ஏழே நிமிடம். உயரமானவள், குட்டையானவள், பருத்தவள், ஓட்டக்காரி எல்லோருக்கும் அதில் இடமுண்டு.

ஆகவே குறை காசு மட்டுமல்ல. பிள்ளைகளுக்கு நேரமில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பீலியில் தண்ணீர் பிடிக்கிறாள், உலை வைக்கிறாள், பிள்ளைக் காம்பராவிலிருந்து தம்பியைத் தூக்கி வருகிறாள். தாய் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை வீடு அவள் தலையில். அதே வீட்டு அண்ணன் மட்டையும் கையுமாக மைதானத்தில் நிற்கிறான். அவனை யாரும் சோம்பேறி என்பதில்லை. அவள் ஒருநாள் பந்தைத் தொட்டால் மட்டும் "அடங்காதவள்" என்ற பெயர் லயம் முழுக்கப் போய்விடுகிறது. பிறகு பதினாறு, பதினேழு வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பும்போது "கெட்டிக்காரி, சமாளிப்பாள்" என்கிறோம்.

சங்கமும் சும்மா தப்பிவிட முடியாது. மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சந்தா அவர்கள் சம்பளத்திலும்தான் வெட்டப்படுகிறது. ஆனால் விளையாட்டு விழா என்றால் ஆண்களுக்கு வொலிபோல், கிரிக்கெட், கிண்ணம், மாலை. பெண்களுக்கு சங்கீதக் கதிரையும் தேசிக்காய் ஓட்டமும், பரிசாக ஒரு பிளாஸ்டிக் பேசினும். இன்னும் எத்தனை பேசின்?

கிளைகளிடம் நாம் கேட்பது இதுதான். வாரத்தில் இரண்டு பின்னேரம், மூன்றரை முதல் ஐந்து வரை, மைதானம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும். அந்த இரண்டு நாளும் தண்ணீரும் தம்பியும் அண்ணன்மார், அப்பாமார் பொறுப்பு. கிளை நிதியில் நான்கு பந்து. ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒரு இளம்பெண்ணைப் பயிற்சியாளராகப் படிக்க அனுப்ப பஸ் காசு. மைதானம் கம்பனிக் காணி என்று துரை மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

மாதர் அணித் தலைவிமார் இந்த மாதக் கிளைக் கூட்டத்திலேயே இதைப் பிரேரணையாக வைக்கவேண்டும். தோட்டத் தலைவர் "பிறகு பார்ப்போம்" என்றால், அந்தப் பிறகு எந்தத் திகதி என்று கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.