ஐஸ் போட்ட திராட்சைப் பானம்

காப்பிக் கடை என்று பெயர் வைத்துக்கொண்டு, காப்பியின் நிறமோ மணமோ சிறிதும் இல்லாத பழப்பானங்களை உயரமான தம்ளர்களில் விற்பது இக்காலத்து நாகரிகமாகிவிட்டது. செக்கச் செவேலென்ற பானம். அதில் மிதக்கும் பழத்துண்டுகள். கழுத்து மட்டும் ஐஸ். குழந்தைகள் இதைக் கண்டு ஆசைப்படுவதில் ஆச்சரியம் இல்லை. அந்த ஆசையை நாம் குறை கூறவும் இல்லை. ஆனால், அந்தத் தம்ளருக்குள் இருப்பது என்ன என்பதைத் தாய்மார்கள் அறிந்திருப்பது அவசியம்.

முதலாவது, ஐஸ். தம்ளர் முழுவதையும் அது அடைத்துக்கொண்டால் பானத்துக்கு மிஞ்சும் இடம் சொற்பமே. ஆகவே, நாம் பழரசத்தின் விலை கொடுத்துத் தண்ணீரை வாங்குகிறோம்.

இரண்டாவது, சர்க்கரை. நாக்குக் குளிர்ந்திருக்கும்போது தித்திப்பு மந்தமாகவே தெரியும். உருகிப்போன ஐஸ்கிரீமை ருசித்துப் பார்த்தவர்களுக்கு இவ்வுண்மை விளங்கும்; திகட்டுமளவுக்கு அது தித்திக்கும். குளிர்ந்த பானம் இனிப்பாய் இருக்கவேண்டுமானால் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டாகவேண்டும்.

மூன்றாவதுதான் பலரும் அறியாதது. காப்பிக்கொட்டையை வறுக்கும்போதே அதன் மணமும் கரிய நிறமும் பிறக்கின்றன. வறுக்காத பச்சைக் கொட்டையில் அவை இல்லாவிட்டாலும், காபீன் என்னும் ஊக்கப்பொருள் உண்டு. பச்சைக் கொட்டையின் சாரத்தைப் பழரசத்தில் கலந்து, அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் கம்பெனி 2012-ல் ஒருவகைப் பானத்தை வெளியிட்டது. கடைப் பானங்கள் யாவும் இப்படிப்பட்டவை என்று நாம் சொல்லவில்லை. எனினும், காப்பியே கொடுக்கக்கூடாது என்று நாம் கட்டுப்பாடு செய்திருக்கும் குழந்தைக்குப் பழரசம் என்று நம்பி இதை வாங்கிக் கொடுத்தல் தகுமா? கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவதே விவேகம்.

இதைவிட நல்ல பானத்தை வீட்டிலேயே செய்யலாம். தேனி ஜில்லாவில் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நல்ல நிறமும் மணமும் உள்ள இந்தப் பழம் இருக்க, வாசனைத் தைலமும் சாயமும் நமக்கு எதற்கு?

அரைக் கிலோ திராட்சையைக் காம்பு நீக்கி, உப்புக் கலந்த நீரில் சற்று ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இருமுறை அலம்பவும். ஒரு கைப்பிடிப் பழத்தை எடுத்து ஈரம் துடைத்து, குளிர்ப்பெட்டியின் ஐஸ் அறையில் வைத்துவிடவும். மீதியை எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு தம்ளர் தண்ணீருடன் சிறு தீயில் பத்து நிமிஷம் வேகவிடவும். தோல் வெடித்து நிறம் இறங்கியதும் கரண்டியால் மசித்து, மெல்லிய துணியில் வடிகட்டவும். மிக்ஸியில் அரைப்பது சுலபந்தான். ஆனால் விதை உடைந்து ரசம் கசந்துவிடும்.

வடிகட்டிய ரசம் சூடாக இருக்கும்போதே நான்கு மேஜைக்கரண்டி சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கரைக்கவும். நன்றாக ஆறிய பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழியவும். கருநீலமாய் இருந்த ரசம் அக்கணமே மாணிக்கச் சிவப்பாக மாறும். திராட்சைத் தோலின் நிறப்பொருளுக்குப் புளிப்புப் பட்டால் சிவப்பு ஏறுவது இயல்பு. குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிழிந்தால் அவர்களுக்கு ஒரு சாஸ்திர பாடமும் ஆயிற்று.

ஐந்து பேருக்கு இந்த ரசம் போதும். அரைத் தம்ளர் ரசத்துக்கு அரைத் தம்ளர் குளிர்ந்த நீர் என்பது கணக்கு. கடையில் கிடைக்கும் நுரையும் வேண்டுமானால், திருகு மூடியுள்ள கூஜாவில் பானத்தையும் நாலைந்து ஐஸ்கட்டிகளையும் போட்டு, இருபது எண்ணும் வரையில் நன்றாகக் குலுக்கவும். தம்ளரில் ஊற்றி, உறையவைத்த திராட்சைகளை மேலே மிதக்கவிடவும். ஐஸ்கட்டியைப்போல் கரைந்து பானத்தை நீர்க்கச் செய்யாமல், இவை கடைசியில் தின்பதற்கும் ஆகும். பெரியவர்கள் விரும்பினால் நீருக்குப் பதிலாக, ஆறிய இளந்தேயிலை நீரைச் சேர்த்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு அது வேண்டாம்.

ஐஸைப்பற்றி ஓர் எச்சரிக்கை. உறைந்துவிட்டால் கிருமிகள் செத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. அசுத்த நீரில் உறைந்த கட்டி உருகும்போது, அந்தக் கிருமிகளும் விழித்துக்கொள்கின்றன. வீதியில் சாக்கு சுற்றிக் கொண்டுபோகும் பெரிய கட்டிகள் மீனைக் கெடாமல் வைப்பதற்கும் உபயோகப்படுகின்றன என்பது நினைவிருக்கட்டும். காய்ச்சி ஆறிய நீரை வீட்டிலேயே உறையவைத்துக்கொள்வது உத்தமம்.

ஒரு காலத்தில் இந்த ஐஸுக்கும் நாம் அந்நியரையே நம்பியிருந்தோம். பாஸ்டன் நகரத்து வியாபாரி டியூடர், ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி, 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸில்தான், 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். கப்பலில் வந்த வஸ்து இப்போது நம் சமையலறையிலேயே உறைகிறது. பிறகு பானத்துக்கு மட்டும் ஏன் வெளியே போகவேண்டும்?

இறுதியாக ஒன்று. வீட்டில் செய்ததாயினும் சர்க்கரை சர்க்கரையே. பழத்தைப் பிழிந்து எடுத்த ரசத்தின் இனிப்பையும் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறது. நாளொன்றுக்கு சுமார் 25 கிராமுக்குள் அடக்கிக்கொள்வது நலம் என்பது அது 2015-ல் கூறிய யோசனை. நாம் சொன்ன ஒரு தம்ளரிலேயே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆகையால் இது விருந்தாளி வந்த நாளுக்கும், பரீட்சை முடிந்த நாளுக்கும் உரிய பானம். மற்ற நாட்களில் திராட்சையை அப்படியே தின்னலாம். தாகத்துக்கு மண்பானைத் தண்ணீர் இருக்கவே இருக்கிறது.